குளக்கரைக் கரடியும் ஆலோசனை சொன்ன கூழைக்கடாவும்

மலையடிவாரக் காட்டில் நெடுங்குளம் என்றொரு குளம் இருந்தது. அதன் மண்கரையைக் காக்கும் பொறுப்பு தேனப்பன் என்ற கரடிக்கு. தேனப்பனின் கீழ் நாற்பத்திரண்டு பிராணிகள் வேலை பார்த்தன.

காட்டுப்பன்றிகள் களிமண் தோண்டிக் கொடுக்கும். ஆமைகள் அதை முதுகில் சுமந்து வரும். அணில்கள் சரளைக்கல் கொண்டு வந்து போடும். அந்த வேலையை அவற்றுக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. ஆட்காட்டிக் குருவி கரைமேல் நடந்துகொண்டே இருக்கும். எங்காவது தப்பாகத் தெரிந்தால் கத்தி ஊரைக் கூட்டிவிடும். இதற்கெல்லாம் கூலி குளத்து மீன், தாமரைக்கிழங்கு, மலைத்தேன். சாயங்காலம் தேனப்பனே முன்னால் நின்று பங்கு போடும்.

எல்லாவற்றிலும் நுணுக்கமான வேலை நீலவேணியுடையது. நீலவேணி ஒரு நீர்நாய். தினமும் தண்ணீரில் மூழ்கி, கரையின் உட்புறத்தை மீசையால் தடவிக்கொண்டே போகும். நண்டோ பெருச்சாளியோ துளை போட்டிருந்தால் தண்ணீர் அந்தப் பக்கம் இழுக்கும். அந்த இழுப்பு மீசைக்குத் தெரிந்துவிடும். உடனே மேலே வந்து ஒரு சீழ்க்கை அடிக்கும். கரைக்கு வெளிப்புறம் செவத்தான் என்ற கீரி காத்திருக்கும். அது துளையின் மறுவாயைத் தேடிப் பிடித்து, நண்டை விரட்டி, களிமண் வைத்து அடைத்துவிடும்.

ஆறு வருஷமாக இப்படித்தான் நடந்தது. நெடுங்குளம் உடைந்ததே இல்லை. கரை உடையாததால், அதைக் காப்பது பெரிய வேலை என்று தேனப்பனுக்குத் தோன்றியதும் இல்லை.

அந்த வருஷம் ஐப்பசி மழை பொய்த்தது. கார்த்திகையிலும் தூறலோடு சரி. தை பிறக்கும்போது குளம் பாதிக்குக் கீழே இறங்கிவிட்டது. மீன் குறைந்தது. கிழங்கு சுருங்கியது. தேனப்பன் கணக்குப் போட்டுப் பார்த்தது. இருபத்தைந்து பேருக்குத்தான் சாப்பாடு தேறும் போலிருந்தது.

அதற்குத் தூக்கம் போயிற்று. கெட்ட கரடி என்று அதைச் சொல்ல முடியாது. எல்லோரும் தன்னை நல்லவன் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான் அதன் ஆசை. கெட்ட செய்தி சொல்லி அந்தப் பெயரை எப்படிக் கெடுத்துக்கொள்வது?

அப்போது வடக்கேயிருந்து வலசை வந்த ஒரு கூழைக்கடா குளத்தில் இறங்கியது. பல குளங்களைப் பார்த்த பறவை. எந்தக் குளத்தில் என்ன கஷ்டம் வந்தாலும் அதற்கு யோசனை சொல்லும். அந்தக் குளங்களெல்லாம் இப்போது எப்படி இருக்கின்றன என்று மட்டும் யாரும் அதைக் கேட்டதில்லை.

தேனப்பன் அதைக் குகைக்கு அழைத்து நிலவரத்தைச் சொன்னது. யோசனைக்குக் கூலி தினம் ஒரு பை மீன் என்று பேச்சு முடிந்தது. கூழைக்கடாவின் அலகுக்குக் கீழே தொங்கும் பை எவ்வளவு பெரியது என்பதைத் தேனப்பன் அதற்குப் பிறகுதான் கவனித்தது.

"நாற்பத்திரண்டு பேர். இருபத்தஞ்சு பேருக்குத்தான் சாப்பாடு. அப்போ பதினேழு பேர் போகணும். இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றது கூழைக்கடா.

"அவங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான்..." என்று இழுத்தது தேனப்பன்.

"சொல்லணும்னு யார் சொன்னா? முன்னாடியே சொன்னா அழுவாங்க. கேள்வி கேப்பாங்க. போறவங்க கிழங்குக் குவியல்ல கை வச்சுட்டுப் போவாங்க."

"எங்க ஆளுங்க அப்படிப்பட்டவங்க இல்லையே."

"எல்லாக் குளத்துலயும் இதைத்தான் சொல்றாங்க. சரி, ஒண்ணு கேக்குறேன். இந்த விஷயத்துல ரொம்ப மனக்கஷ்டம் யாருக்கு?"

தேனப்பன் உண்மையாகவே யோசித்தது. பிறகு நெஞ்சில் கை வைத்து, "எனக்குத்தான்," என்றது.

"அப்போ நீங்க பார்க்காத மாதிரி நடத்தி முடிச்சுடலாம்," என்றது கூழைக்கடா.

யாரை அனுப்புவது என்பதையும் அதுவே சொன்னது. "முதல்ல அந்த நீர்நாய். தண்ணி இறங்கிப்போச்சு, கரைக்கு உள்பக்கம் தடவிப் பார்க்க என்ன இருக்கு? அதோட நீர்நாய் மீன் நிறையச் சாப்பிடும்." இதைச் சொல்லும்போது அதன் பையில் பன்னிரண்டு கெண்டை இருந்தது.

குளத்தில் ரகசியம் தங்காது. இரண்டு நாளில் ஆளைக் குறைக்கப் போகிறார்கள் என்று பேச்சு கிளம்பிவிட்டது. பன்றிகள் மண்வெட்டுவதை நிறுத்திவிட்டுக் கூடிக் கூடிப் பேசின. வேறு வழியில்லாமல் தேனப்பன் எல்லோரையும் அரசமரத்தடிக்குக் கூப்பிட்டது.

ஆமைகளில் மூத்தது முன்னால் வந்தது. "ஐயா, ஆளைக் குறைக்கப் போறதா ஒரு பேச்சு அடிபடுது. அப்படி ஏதாவது இருந்தா இப்பவே சொல்லிடுங்க. கோவிச்சுக்க மாட்டோம். நான் மெதுவா நடக்கிறவன். வேற இடம் பார்க்கணும்னா இன்னிக்கே கிளம்பினாத்தான் சரிப்படும்."

தேனப்பன் கூழைக்கடாவைப் பார்த்தது. கூழைக்கடா வானத்தைப் பார்த்தது.

"என்ன பேச்சு இது?" என்றது தேனப்பன். "நாம எல்லாம் ஒரே குடும்பம். குடும்பத்துல இருந்து யாராவது ஆளைக் குறைப்பாங்களா? இந்தக் குளத்துல ஒரு கை தண்ணி இருக்கிற வரைக்கும் ஒருத்தரையும் அனுப்ப மாட்டேன். இது என் வாக்கு."

பேசும்போது அதன் குரல் கம்மியது. சில அணில்கள் அழுதன. தன் பேச்சு தேனப்பனுக்கே பிடித்திருந்தது.

எல்லோரிலும் அதிகம் நிம்மதி அடைந்தது நீலவேணி. அதற்குக் காரணம் இருந்தது. அந்த வருஷம்தான் அது இரண்டு குட்டிகள் போட்டிருந்தது. காட்டுக்கு அப்பால் ஆற்றில் ஆழமான மடு ஒன்று உண்டு. எந்தக் கோடையிலும் வற்றாது. அங்கிருந்த நீர்நாய்கள், ஒரு பொந்து காலியாக இருக்கிறது, வருகிறாயா என்று மீன்கொத்தியிடம் சொல்லி அனுப்பியிருந்தன. அன்று சாயங்காலம் மீன்கொத்தி பதில் கேட்டு வந்தது.

"நான் வரலைன்னு சொல்லிடு," என்றது நீலவேணி.

"நல்லா யோசிச்சியா அக்கா? அந்த இடத்துக்கு இன்னும் ரெண்டு பேர் கேட்டுக்கிட்டு இருக்காங்க."

"தலைவர் எல்லார் முன்னாடியும் வாக்குக் கொடுத்துட்டாரு. அதுக்கு மேல நான் யோசிச்சா, அது அவரை நம்பாத மாதிரி ஆயிடும்."

மீன்கொத்தி பறந்து போயிற்று.

மூன்றாம் நாள் காலை விஷயம் நடந்தது.

நெடுங்குளத்தைச் சுற்றி மூங்கில் வேலி. வேலைக்காரர்கள் குடியிருப்பதும் வேலிக்கு உள்ளேதான். ஆனால் கரையை அசுத்தம் பண்ணக் கூடாது என்பது தேனப்பன் போட்ட சட்டம். அதனால் விடிந்ததும் எல்லோரும் வேலிக்கு வெளியே போய்விட்டு வருவார்கள். வாசலில் ஒரு பலகைப்பாறை. அதில் ஆளுக்கொரு கூழாங்கல். திரும்பி வரும்போது அவரவர் கல்லைப் புரட்டி வைத்துவிட்டு உள்ளே போக வேண்டும். முள்ளம்பன்றி காவல்.

அன்று நீலவேணி திரும்பி வந்தபோது பாறையில் அதன் கல் இல்லை.

"என் கல்லைக் காணோம்," என்றது.

முள்ளம்பன்றி தரையைப் பார்த்துக்கொண்டு பேசியது. "கல் இல்லாதவங்களை உள்ளே விடக் கூடாதுன்னு உத்தரவு."

"என்னைத் தெரியாதா உங்களுக்கு? நேத்து சாயங்காலம் என் குட்டிகளைத் தூக்கி வச்சு விளையாட்டுக் காட்டினீங்களே."

"கல் இல்லையே அம்மா," என்றது முள்ளம்பன்றி. 

மேலே கிளையில் ஒரு மைனா உட்கார்ந்திருந்தது. கூழைக்கடா அதற்கு ஒரு பேச்சைப் பாடம் பண்ணிக் கொடுத்திருந்தது. மைனா தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தது.

"அன்புள்ள காட்டுப்பன்றி அவர்களே! நெடுங்குளத்துக்கு நீங்கள் ஆற்றிய சேவை மறக்க முடியாதது. இன்று முதல் நீங்கள் சுதந்திரமாக வேறு இடம் தேடிக்கொள்ளலாம். உங்கள் எதிர்காலம் சிறக்கத் தலைவர் மனமார வாழ்த்துகிறார்."

"நான் நீர்நாய்," என்றது நீலவேணி.

மைனாவுக்குச் சங்கடமாகிவிட்டது. "முதல்ல வரப்போறது பன்றின்னாங்க. அதுக்குச் சொல்லிக் குடுத்தாங்க. எல்லாருக்கும் இதையேதான் சொல்லச் சொல்லியிருக்காங்க," என்றது.

நீலவேணிக்குப் பின்னால் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். ஒரு பன்றிக் குடும்பம், நாலு அணில்கள், இரண்டு ஆமைகள். எல்லோருக்கும் மைனா அதே வாழ்த்தைச் சொன்னது. அணில்களையும் அது பன்றி என்றே கூப்பிட்டது. மற்ற நாளாக இருந்தால் சிரிப்பு வந்திருக்கும்.

"என் குட்டிகள் உள்ளே தூங்குது," என்றது நீலவேணி. "தலைவரைக் கூப்பிடுங்க. நான் அவர்கிட்ட பேசிக்கிறேன்."

"தலைவருக்குத் தலைவலி," என்றது முள்ளம்பன்றி.

கடைசியில் செவத்தான்தான் குட்டிகளைக் கொண்டு வந்து கொடுத்தது. ஒவ்வொன்றாகக் கழுத்தில் கவ்வி, வேலி இடுக்கு வழியாக வெளியே விட்டது. அதன் கல் பாறைமேல் பத்திரமாக இருந்தது. அதனாலேயே அதற்கு நீலவேணியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"அக்கா, எனக்கு எதுவும் தெரியாது. சத்தியமா," என்றது.

"தெரியும்டா," என்றது நீலவேணி.

அன்று முழுக்கத் தேனப்பன் குகையை விட்டு வரவில்லை. ஒரு தேனடையைத் தின்றது. துக்கம் தாங்காமல் இன்னொன்றும் தின்றது. மாலையில் கூழைக்கடா வந்தது.

"அழுதாங்களா?" என்று கேட்டது தேனப்பன்.

"உங்க காதுல விழுந்துச்சா?"

"இல்லை."

"அப்போ எல்லாம் சுமுகமா முடிஞ்சுதுன்னுதானே அர்த்தம்?"

நீலவேணி குட்டிகளோடு ஆற்று மடுவுக்குப் போனது. பொந்தில் வேறொரு நீர்நாய் குடியேறியிருந்தது. "உங்க தலைவர் வாக்குக் கொடுத்துட்டார்னு மீன்கொத்தி சொல்லிச்சே," என்றார்கள் மடுவில் இருந்தவர்கள். குத்திக்காட்டச் சொன்னதல்ல. ஆனாலும் அது குத்தியது. வேறு வழியில்லாமல் குளத்துக்குக் கீழே ஓடும் சின்ன ஓடையில் ஒரு வேர்ப்பொந்தில் நீலவேணி தங்கியது. அங்கே மீன் கிடையாது. நண்டைக் கடித்து, சதையைப் பிரித்துக் குட்டிகளுக்குக் கொடுத்தது.

மறுநாள் தேனப்பன் மிச்சமிருந்த இருபத்தைந்து பேரையும் கூப்பிட்டது.

"நடந்தது எல்லாருக்கும் வருத்தம்தான். முன்னாடியே சொல்லியிருந்தா நீங்க வருத்தப்படுவீங்கன்னுதான் சொல்லலை. நீங்கதான் பொறுக்கி எடுத்த முத்துக்கள். இனிமே ஒருத்தரும் போக மாட்டாங்க. இது என் வாக்கு."

 முன்னால் வாக்குக் கொடுத்தபோது கேட்ட அதே குரல். அதே கம்மல். அணில்கள் இந்தத் தடவை அழவில்லை.

பத்து நாள் கழித்து ஆட்காட்டிக் குருவி கத்தியது. வெயிலில் கரை காய்ந்து ஓரிடத்தில் நீளமாக வெடித்திருந்தது. அது வழக்கம்போல் ஊரைக் கூட்டியது. கூழைக்கடாவுக்கு அது பிடிக்கவில்லை. "எப்பப் பார்த்தாலும் குறை சொல்லிக்கிட்டிருக்கிற குருவி மத்தவங்க உற்சாகத்தைக் கெடுத்துடும்," என்று தேனப்பனிடம் சொன்னது. மறுநாள் காலை குருவியின் கல்லைக் காணோம். வெடிப்பு மட்டும் அப்படியே இருந்தது.

அதன் பிறகு நெடுங்குளத்தில் சில மாற்றங்கள் ஏற்பட்டன.

முதலாவது, விடியற்காலையில் வேலிக்கு வெளியே போவதை எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். வெளியே போனால்தானே கல் காணாமல் போகும்? எவ்வளவு நேரம் அடக்க முடியுமோ அடக்கிப் பார்த்தார்கள். முடியாதபோது கரையே கதி என்று ஆயிற்று. காற்று குகைப் பக்கம் வீசும் நாட்களில் தேனப்பன் மூக்கைப் பொத்திக்கொண்டது.

அப்புறம், அவரவர் கல்லை அவரவர் கையோடு எடுத்துக்கொண்டார்கள். அணில்கள் தங்கள் கல்லை வாயில் அடக்கிக்கொண்டே நடமாடின. வாயில் கல் இருந்ததால் சரளைக்கல் எடுக்க முடியவில்லை. ஆமைகள் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு, நடமாடும் நேரத்தைக் குறைத்துக்கொண்டன. தேனப்பன் யாரையாவது பாராட்டினால் போதும், அந்தப் பிராணி அன்றைக்கே மூட்டை கட்டத் தொடங்கியது.

தினமும் சாயங்காலம் தேனப்பன் கேட்கும். "கரை எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குங்க ஐயா," என்று இருபத்துநாலு குரல்கள் ஒன்றாகச் சொல்லும்.

தேனப்பனுக்குப் பரம சந்தோஷம். "முன்னெல்லாம் வாரத்துக்கு நாலு துளைன்னு சொல்லுவாங்க. அவங்க போனதுல இருந்து ஒரு துளைகூட இல்லை பாருங்க," என்றது கூழைக்கடாவிடம்.

"நான்தான் சொன்னேனே," என்றது கூழைக்கடா.

பங்குனி வெயில் ஏறியதும் கூழைக்கடா வடக்கே கிளம்பியது. போகும்போது வழிக்கென்று ஒரு பை மீன் எடுத்துக்கொண்டது. தேனப்பன் கண்ணில் நீர் மல்க வழியனுப்பியது. குளத்தில் வேறு யாரையும் அது அப்படி வழியனுப்பியதில்லை.

சித்திரையில் யாரும் எதிர்பாராத மழை வந்தது. கோடை மழை என்றால் ஒரு நாள் அடித்துவிட்டு ஓய வேண்டும். இது நாலு நாள் விடாமல் கொட்டியது. மலைத் தண்ணீரெல்லாம் குளத்துக்கு வந்தது. காய்ந்து வெடித்திருந்த கரையைத் தண்ணீர் ஒரே மூச்சில் ஏறிப் பிடித்தது.

மூன்றாம் நாள் செவத்தான் அதைப் பார்த்துவிட்டது. கரையின் வெளிப்புறம், தாழம்புதருக்குக் கீழே மண் ஈரமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் அங்கே தண்ணீர் கசிந்தது. தெளிந்த தண்ணீர் என்றால் பயமில்லை. இது கலங்கல். கரையின் உள்ளே மண் கரைகிறது என்று அர்த்தம். செவத்தான் களிமண் வைத்து அடைத்துப் பார்த்தது. பக்கத்திலேயே இன்னொரு இடத்தில் கசிந்தது. உட்புறத்தில் துளை எங்கே இருக்கிறது என்று சொல்ல ஆள் இல்லை.

செவத்தான் ஓடியது. தேனப்பனின் குகைக்கு இல்லை. மழையில் நனைந்துகொண்டு, வேலியைத் தாண்டி, கீழே ஓடைக்கு ஓடியது.

"அக்கா, குட்டிகளைத் தூக்கிக்கிட்டு மேட்டுப் பாறைக்குப் போயிடு. கரை நிக்காது போலிருக்கு."

"எந்த இடத்துல?" என்று கேட்டது நீலவேணி.

"தாழம்புதர்கிட்ட."

நீலவேணி கண்ணை மூடிக்கொண்டது. "அங்கே உள்பக்கம் ஒரு பாறை இடுக்கு இருக்கு. மேல இருந்து பார்த்தா தெரியாது. நான் வாரத்துக்கு ஒரு தடவை களிமண் வச்சு அழுத்திட்டு வருவேன்."

"என்கிட்ட நீ சொன்னதே இல்லையே அக்கா."

"போகும்போது உனக்குக் காட்டிட்டுப் போக ஒரு நாள் குடுத்தாங்களா?"

கீரி குட்டிகளை எழுப்பத் தொடங்கியது. 

"தலைவர்கிட்ட சொல்லிட்டியா?" என்றது நீலவேணி.

"இல்லை. குருவி சொல்லிச்சு. இப்போ குருவி எங்கே?"

"மத்தவங்க இருக்காங்களேடா. அந்த மூத்த ஆமை வேற இருக்கே."

"அவர் முந்தாநாளே மேட்டுக்குக் கிளம்பிட்டாரு. மெதுவா நடக்கிறவர் இல்லையா, முன்னாடியே கிளம்பிட்டாரு. அணிலுங்களும் மரம் மாறிட்டாங்க. பன்றிங்க நேத்து போனாங்க. வெடிச்ச கரை தண்ணி தாங்காதுன்னு எல்லாருக்கும் தெரியும் அக்கா."

"அப்போ தெரியாதது தலைவருக்கு மட்டும்தானா?"

செவத்தான் தலையைக் குனிந்துகொண்டது.

"எனக்கும் அவர்மேல கோபம் இருக்கு," என்றது நீலவேணி. "ஆனா தண்ணியில சாகணும்னு நான் நினைக்கலை. போய்ச் சொல்லு."

செவத்தான் திரும்பி ஓடியது. குகை வாசலில் போய் நின்றது. உள்ளே தேனப்பன் மழையை ரசித்தபடி படுத்திருந்தது. குளம் நிறைகிறது, கஷ்டகாலம் தீர்ந்தது என்ற மகிழ்ச்சி அதன் முகத்தில் தெரிந்தது.

"யாரு, செவத்தானா? வா வா. கரை எப்படி இருக்கு?"

செவத்தான் வாயைத் திறந்தது. மூன்று மாதமாகச் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய்.

"நல்லா இருக்குங்க ஐயா," என்றது.

"சபாஷ். உன்னை மாதிரி ஆளுங்கதான் இந்தக் குளத்துக்குத் தூண்," என்றது தேனப்பன்.

பாராட்டைக் கேட்டதும் செவத்தான் வாசலை விட்டு நழுவியது. அங்கிருந்து நேராக மேட்டுப் பாறைக்குப் போய்விட்டது.

மறுநாள் காலை கரை உடைந்தது. தாழம்புதர் இருந்த இடத்தில் யானை நுழையும் அளவுக்கு வாய் பிளந்து, குளம் முழுவதும் ஒரே பாய்ச்சலில் வெளியேறியது. கிழங்குக் குவியல் போயிற்று. தேனடைகள் போயின. குகைக்குள் தண்ணீர் புகுந்து தேனப்பனைப் புரட்டி வெளியே எறிந்தது. அது உருண்டு, முங்கி, ஒரு பனைமரத்தைக் கட்டிக்கொண்டு உயிர் பிழைத்தது. வெள்ளம் வடிந்த பிறகு சேறும் காயமுமாக மேட்டுப் பாறையில் ஏறியது.

பாறைமேல் இருபத்துநாலு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். மூட்டை முடிச்சோடு, குட்டி குஞ்சுகளோடு. ஒருவர் மேலும் சேறு படவில்லை.

தேனப்பன் எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தது. அதற்குப் புரிய வெகுநேரம் ஆயிற்று.

"உங்க எல்லாருக்கும் முன்னாடியே தெரியுமா?"

ஆமைகள் தலையை உள்ளே இழுத்துக்கொண்டன.

"தினமும் கேட்டேனே. ஒருத்தர்கூட என்கிட்ட ஏன் சொல்லலை?"

ஓர் அணில் வாயிலிருந்த கல்லை எடுத்துக் கீழே வைத்தது. ரொம்ப மரியாதையாகத்தான் பேசியது. "முன்னாடியே சொல்லியிருந்தா நீங்க வருத்தப்படுவீங்கன்னுதான் சொல்லலைங்க ஐயா."

தேனப்பன் பாறைமேல் உட்கார்ந்துவிட்டது. 

நாலு நாள் கழித்து, ஓடைக்கு மேலே புதிதாகப் பொந்து தோண்டிக்கொண்டிருந்த நீலவேணியிடம் போய் நின்றது. தனியாகப் போயிற்று. மைனாவை அழைத்துப் போகவில்லை.

"கரையை மறுபடியும் கட்டணும் நீலவேணி. உள்பக்கம் தெரிஞ்ச ஆள் நீ ஒருத்திதான். திரும்பி வரியா?"

நீலவேணி தோண்டுவதை நிறுத்தவில்லை.

"நான் ஒண்ணு கேக்கலாமா?" என்றது தேனப்பன். "அன்னிக்கு அரசமரத்தடியில நான் உண்மையைச் சொல்லியிருந்தா நீ என்ன பண்ணியிருப்பே?"

"அழுதிருப்பேன்," என்றது நீலவேணி. "அப்புறம் மடுவுக்குப் போயிருப்பேன். அப்போ அங்கே இடம் இருந்துச்சு. போறதுக்கு முன்னாடி செவத்தானைத் தண்ணிக்குள்ள கூட்டிட்டுப் போய் அந்த இடுக்கைக் காட்டியிருப்பேன். மழை வந்ததும், நீங்க கூப்பிடறதுக்கு முன்னாடியே ஓடி வந்திருப்பேன். பஞ்ச காலம் யாருக்குங்க ஐயா புரியாது? மழை பெய்யலைங்கிறது எங்களுக்கும் தெரியும்தானே."

 தேனப்பனின் மூக்கில் இருந்த காயத்தில் ஈ மொய்த்தது. அதை விரட்டக்கூட அது கையைத் தூக்கவில்லை.

"வரேன்," என்றது நீலவேணி கடைசியில். "குளம் உடைஞ்சா என் ஓடையும் சேர்ந்துதான் போகும். ஆனா காலையில வந்து சாயங்காலம் திரும்பிடுவேன். அன்னன்னிக்குப் பங்கை அன்னன்னிக்கே குடுத்துடணும். என் குட்டிகள் அந்த வேலிக்கு உள்ளே இனிமே தூங்காது."

"அந்த மாதிரி இனிமேல் நடக்காது. இது என்..." என்று ஆரம்பித்தது தேனப்பன்.

நீலவேணி நிமிர்ந்து பார்த்தது. அந்தப் பார்வையில் கோபம் இல்லை. மரத்தையோ கல்லையோ பார்ப்பதுபோல் இருந்தது. தேனப்பன் வாக்கியத்தை முடிக்காமல் விட்டுவிட்டது.

மற்றவர்களும் வந்தார்கள். எல்லோரும் நீலவேணி சொன்ன அதே நிபந்தனையைத்தான் சொன்னார்கள். ஆட்காட்டிக் குருவி மட்டும் வரவில்லை. அது வேறொரு குளத்தில் கத்திக்கொண்டிருப்பதாகக் கேள்வி. அந்தக் குளத்துத் தலைவருக்குக் காது நன்றாகக் கேட்குமாம். நெடுங்குளத்தில் பழைய கரை ஒரு கோடையில் கட்டியது; இந்தக் கரைக்கு மூன்று வருஷம் பிடித்தது. பொழுது சாய்ந்ததும் ஒருவர் மிச்சமில்லாமல் கிளம்பிவிடுவார்கள். அதன் பிறகு குளத்தில் ஒரு சின்னச் சத்தம் கேட்டாலும், தேனப்பன் தானே இறங்கிப் போய் இருட்டில் கரையைத் தடவிப் பார்த்துக்கொள்ளும். அதற்கு மீசையும் கிடையாது.

உண்மையைச் சொல்லி அனுப்புகிறவர் போகிறவர்களை மட்டுமே இழப்பார். பொய் சொல்லி அனுப்புகிறவர் இருப்பவர்களையும் சேர்த்து இழப்பார்.